சாம்பல் பூச்சை விஷயமாக

அன்புள்ள மக்கா,

உன் ஓண வாழ்த்துக்குக்கூட பதில் போடவில்லை. திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மைக்கு முட்டுவலி, சின்னவனுக்கு மார்த்தாண்டத்தில் வேலை. அங்கே உன் மருமகள் எப்படி இருக்கிறாள்?

போன வியாழக்கிழமை நம்ம பூனை சாம்பலுக்குக் கருத்தடை செய்தோம். அவள் வயிற்றில் குட்டி இருந்தது. அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது உன் முகம்தான் வந்தது. பிளஸ் டூவில் தவளை அறுக்கச் சொன்னதும் ஜன்னல் வழியாக ஓடினவள், பிறகு இருபது வருஷம் பிரசவ வார்டில் நின்றாயே, அதனால்தான்.

குட்டி இருப்பது எங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் குளச்சல் சந்தையில் சாளைத் தலை நிறையக் கிடைத்ததால் வயிறு வைத்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். நாகர்கோவிலில் டாக்டர் மேசையில் வைத்து விரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் என் கையைப் பிடித்து அவள் வயிற்றில் வைத்தார். உள்ளே ஒன்று அசைந்தது. ஐம்பது நாள் தாண்டியிருக்கும் என்றார். பூச்சைக்கு மொத்தமே அறுபத்து மூன்று, அறுபத்தைந்து நாள். "செய்யவா, திருப்பிக் கொண்டுபோகிறீர்களா? நீங்கதான் சொல்லணும்."

ஆட்டோ அண்ணன் என்னைப் பார்க்கிறார். சாம்பல் என் சேலை நுனியைக் கவ்விக்கொண்டு கிடக்கிறாள். நாய்களுக்கு 2001-ல் வந்த விதியில், சினையாக இருந்தால் கருத்தடை கூடாது, குட்டி போடும்வரை விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அதில் பூச்சையைப் பற்றி ஒன்றுமில்லை. அப்படியே இருந்திருந்தாலும், அந்த நேரத்தில் அது என் கையில் அசைந்ததற்குப் பதிலாகியிருக்குமா?

போன வருஷம் இவளையே விட்டுவிட்டேன், உனக்குத் தெரியும். ஐந்து குட்டி. இரண்டு கண் திறக்கும் முன்னே மழையில் விறைத்துப்போயின. ஒன்று நம்ம முக்கு ரோட்டில் அடிபட்டது. ஒன்றைக் காணவில்லை. மிஞ்சின பெட்டைக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் அதுவும் சினை. மழையில் விறைத்த அந்த இரண்டையும் வாழை மூட்டில் புதைத்தது நான்தான். அது ஞாபகம் வந்ததும் "செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன்.

மயக்கம் குட்டிகளுக்கும் போயிருக்கும், ஒன்றும் விழிக்கவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். நான்கு இருந்ததாம். கர்ப்பம் முற்றினால் ரத்தக் குழாய்கள் தடித்துப்போவதால் தாய்க்கும் ஆபத்து கூடுதல் என்று முன்னமே எச்சரித்திருந்தார், ஆனால் அவள் தாங்கிக்கொண்டாள். கருத்தடை ஆன அடையாளத்துக்கு இடது காது நுனியை வெட்டியிருக்கிறார்கள். நேற்று கருவாடு கேட்டு அம்மையின் காலைச் சுற்றினாள். அவள் குட்டிகளைத் தேடுகிறாளா என்று மூன்று நாளாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேடவில்லை. அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வள்ளம் ஏற்றி வைக்கிற சாய்ப்புப் பக்கம் ஒரு கறுப்பி வருவாள். கருத்தடைக்குப் பிடிக்க வைத்த கூண்டில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தாள். கூண்டுக்கம்பி வழியாகப் பார்த்தால் அடிவயிற்றில் காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து ஈரமாக இருக்கிறது. பால் கொடுக்கிறவள்! குட்டிகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிறந்து சில நாள் என்றால் ஒரு பகல் முழுக்கத் தாய் இல்லாமல் தாங்காது. கூண்டைத் திறந்துவிட்டோம். மீன்காரி மயினிக்கு என்மேல் வருத்தம். "பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகுமே, அப்புறம் எப்போ பிடிப்பே?" என்று கேட்டார். அவர் சொல்வதும் சரிதான்.

டாக்டரிடம் கேட்டேன். பால் மடி வீங்கியிருப்பதால் அடிவயிற்றை விட்டு விலாப் பக்கமாக அறுப்பார்களாம். பால் வற்றாது, அன்று சாயங்காலமே குட்டிகளிடம் விடலாம் என்கிறார். ஆனால் முதலில் குட்டிகளின் இடமும் வயசும் தெரிய வேண்டும். ஆறேழு வாரம் ஆகி அவை மீன் தின்னத் தொடங்கியிருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை. தினமும் காலையில் அவளுக்குச் சோறு வைத்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்பிப் போகிறாள் என்று பார்க்கிறேன். பழைய வலைக் குவியல் வரைக்கும் போகிறாள், அதற்குப் பிறகு கண்ணில் படுவதில்லை.

நீ அடுத்த வாரம் வருவதாக இருந்தால் இரண்டு நாள் கூடத் தங்கு. எனக்குக் கண் சரியில்லை, நீதான் அந்த வலைப் பக்கம் பார்க்க வேண்டும். அப்புறம் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை நீ அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று சொல். என் மனசுக்காகப் பேசாதே, வார்டில் டாக்டர்களிடம் பேசுவாயே, அப்படிச் சொல்.

உன் கடைசிப் பெஞ்சுக்காரி