குறுவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிவிட்டன. தடகளம், கபடி, வாலிபால் ஆடும் நம் பிள்ளைகள் பொழுது விடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். பயிற்சியை உடற்கல்வி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதுவது, போட்டி முடிந்து பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி.

"எத்தனாவது வந்தே?" "அந்தப் பையன் உன்னைவிடச் சின்னவன்தானே?" "அவ்வளவு விலை கொடுத்து ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தந்தேனே, அப்புறம் என்ன?" மைதானத்து வாசலிலேயே இந்தக் கேள்விகள் காதில் விழுகின்றன. கேட்பவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே நம் தீர்ப்பு வந்துவிட்டால், அடுத்த போட்டியில் அவன் தன் ஓட்டத்தைக் கவனிக்க மாட்டான். கூட்டத்தில் அப்பாவின் முகம் எப்படி இருக்கிறது என்றுதான் தேடுவான்.

முதலில் தண்ணீர் கொடுங்கள், சாப்பிட ஏதாவது கொடுங்கள். அழுதால் அழட்டும். "ஆம்பளப் பையன் அழலாமா" என்ற பேச்சு வேண்டாம். அவனாகப் பேசத் தொடங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?"

நீளம் தாண்டும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் வாய்ப்பில் கால் பலகையைத் தாண்டிவிட்டது, ஃபவுல். இரண்டாவதில் பயத்தில் பலகைக்கு ஒரு அடி முன்பே எழும்பிவிட்டான். மூன்றாவதிலும் அப்படியே. வீட்டுக்கு வந்து "எனக்கு ராசியே இல்லை" என்றோ "நடுவர் ஏமாத்திட்டார்" என்றோ சொன்னால், மறுநாள் பயிற்சியில் செய்வதற்கு அவனுக்கு எதுவும் இருக்காது. "ஃபவுலுக்குப் பயந்து கடைசி நாலு எட்டு வேகத்தைக் குறைச்சிட்டேன்" என்று சொல்லத் தெரிந்தால், அதை ஆசிரியரிடம் எடுத்துப் போகலாம், ஓடத் தொடங்கும் ரன்-அப் குறியை மாற்றிப் பார்க்கலாம். தோல்வியைத் தாங்கும் தெம்பு இப்படித்தான் வருகிறது. "கவலைப்படாதே, அடுத்த முறை ஜெயிக்கலாம்" என்று நாம் சொல்வதால் மட்டும் வந்துவிடாது.

கபடியில் அவுட் ஆகி வெளியே உட்காரும் பிள்ளையையும் கவனித்துப் பாருங்கள். எதிரணியில் ஒருவரை நம் அணி அவுட் ஆக்கினால் அவன் மறுபடி உள்ளே போக வேண்டும். சிலர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் எதிரணி ரெய்டர் எந்தக் காலை முன்னால் வைத்து வருகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து "ஏன்டா விட்டே?" என்று பெற்றோர் கத்தினால், பார்த்துக்கொண்டிருந்தவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

"போன வருஷம் முதல் பரிசு, இந்த வருஷம் கடைசி. எல்லாம் செல்போன்தான்" என்று ஒரு புகார் வருடா வருடம் வருகிறது. சில வீடுகளில் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 12 முதல் 15 வயதுவரை உடம்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்து லேனில் இருப்பவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். முன்னதாக வளர்ந்தவன் ஜெயிப்பான். மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். மளமளவென்று உயரும் மாதங்களில் கை கால் நீண்டு, பழகிய தாவல்கூடத் தப்பும். இதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முன்னதாக வளர்ந்தவன் தனக்குத் திறமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான், தாமதமாக வளர்பவன் தனக்குத் திறமையே இல்லை என்று ஒதுங்கிவிடுவான்.

வலி விஷயத்திலும் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பயிற்சிக்கு மறுநாள் இரண்டு தொடையும் பிடித்துக்கொள்வது சகஜம், ஓரிரு நாளில் சரியாகும். ஒரே இடத்தில் குத்துகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்டவைக்கிற வலி, முழங்கால் சில்லுக்குக் கீழேயும் குதிகாலிலும் வாரக்கணக்கில் நீடிக்கிற வலி, இவற்றுக்கெல்லாம் ஸ்ப்ரே அடித்து ஓடவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகள் மாதவிலக்கு நாளில் முடியவில்லை என்று ஆசிரியரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம் என்று அம்மாக்கள் வீட்டில் சொல்லிவையுங்கள். அடிக்கடி சோர்ந்துபோகும் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அது. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். விடியற்காலைப் பயிற்சி உள்ள வீட்டில் இரவு பதினொரு மணிக்கு டிவி ஓடக் கூடாது.

முடியவில்லை என்று சொல்வது கோழைத்தனம் அல்லவா என்று ஒரு தந்தை கேட்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழு இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நிலையில் தொடர்ந்து தாவினால் பெரிய காயம் பட்டிருக்கும். அப்போது ஏசியவர்கள் பலர். ஒரு வாரம் கழித்து, இறங்கும்போது உடம்பைத் திருக வேண்டாத விதமாகத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு சமநிலைக் கட்டையில் வெண்கலம் வாங்கினார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 2024 நவம்பரில் சிங்கப்பூரில் சதுரங்க உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தையே தோற்றார். மூன்றாவதில் சமன் செய்தார். பதினோராவதில் முன்னிலை பெற்று, பன்னிரண்டாவதில் அதையும் பறிகொடுத்தார். பதினான்காவது ஆட்டத்தில் வென்று 18 வயதில் சாம்பியன் ஆனார். அதற்கு முன் ஏப்ரலில் டொரான்டோவில் நடந்த, உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரின் ஏழாவது சுற்றில் தோற்ற பிறகுதான் தன்னால் ஜெயிக்க முடியும் என்று தோன்றியதாக அவரே சொன்னார். அவருடைய தந்தை தன் மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுடன் ஊர் ஊராகப் போனவர். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்? அதை நான் கேட்கவில்லை. தோற்ற நாளில் பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் விடுவதற்குக் காசு வேண்டாம், லீவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் "நாளையிலிருந்து கிரவுண்டுக்குப் போகாதே" என்பதைத் தண்டனையாக வைக்காதீர்கள். படிப்பில் பிரச்சினை என்றால் வகுப்பாசிரியரிடம் வாருங்கள், நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். அதேபோல ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். கல்லூரி இடமும் அரசு வேலையும் நல்லவைதான். ஆனால் அந்தப் பாரத்தோடு ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கும் பிள்ளைக்குக் காலே எழாது.

போட்டிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று தந்திருக்கிறோம். எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்கே வலித்தது, இன்று எது நன்றாக வந்தது, எதற்குப் பயந்தேன் என்று நாலு வரி எழுதினால் போதும். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். பிள்ளையாகக் காட்டினாலொழிய அதைப் பிரித்துப் படிக்கவும் வேண்டாம். நாம் படிப்போம் என்று தெரிந்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி அரங்கில் பெற்றோர் கூட்டம். சம்மதப் படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் மறைக்காமல் அதில் எழுதுங்கள். அணியிலிருந்து எடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். தெரிந்தால்தான் மருந்தோடு அழைத்துப் போக முடியும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்