செருப்பை உள்ளே வைத்தவன்

அன்புள்ள சரசு,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் திட்டிவிட்டு அப்புறம் படி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெரியவளுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறோம். கிணற்றில் தண்ணீர் இல்லை. சரி, வீட்டுச் செய்தி முடிந்தது.

போன வியாழக்கிழமை நம்ம நம்பிக்கை மையத்துக்கு, அதான் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடத்துக்கு, ஒரு பையன் வந்தான். பேர் கேட்காதே, சொல்லமாட்டேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலை, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். உங்கள் ஊரில் நம்பிக்கை மையம் இல்லையா என்றேன். "அங்க எங்க அத்தை சுகர் மாத்திரைக்கு வருதுங்கக்கா" என்றான். செருப்பை வாசலில் விடாமல் கையில் எடுத்து வந்து நாற்காலிக்கு அடியில் வைத்தான். செருப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களாம்!

ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ். அதைக் கேட்டதும் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள், உனக்குத்தான் தெரியுமே. இவன் அசையவில்லை. போனை நீட்டினான். அதில் டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த மாத்திரை. "இது வராம தடுக்குமாமே, இங்க குடுப்பீங்களா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை, சரசு. ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாக வரும் தொற்றை ஏறக்குறைய 99 சதவீதம் தடுக்கும். அமெரிக்காவில் 2012இலேயே அனுமதித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. என் அலமாரியிலோ ஆணுறைப் பெட்டியும் 1097 எச்ஐவி உதவி எண் நோட்டீசும்தான். தொற்று வந்துவிட்டால் 2004லிருந்து இலவச மருந்து. வராமல் இருக்க மருந்து கேட்டால், தனியார் டாக்டரைப் பார், மருந்துக் கடைக்குப் போ. இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாத்திரை தொடங்கும் முன் சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும், ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் பார்க்க வேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி. அத்தனையும் எங்கள் லேபில் பார்க்கிறார்கள். மாத்திரை ஒன்றுதான் குறை. மேலதிகாரிகளிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகிறது, நல்ல காரியம். இவன் மாத்திரையோ வீட்டுக்கு வரவே கூடாது. ஒரே ரூமில் ஐந்து பேர், டப்பாவை எங்கே ஒளிப்பான்? இதே தடுப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, லெனாகாபாவிர், வந்திருக்கிறதல்லவா? 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. வருடத்துக்கு ரெண்டு தடவை போட்டால் போதும், டப்பாவை ஒளித்து வைக்க வேண்டாம். 2027லிருந்து வருடத்துக்கு 40 டாலருக்கு மலிவுப் பதிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நம்ம கதவு வரை எப்போது வரும்? சங்ககிரிப் பயிற்சிப் பட்டறையில் நீ ஆணுறை மாட்டிக் காட்டும் மரக்கட்டையை மறந்துவிட்டு வெள்ளரிக்காய் வாங்கி வந்த காலத்திலிருந்தே நமக்கு எல்லாம் தாமதம்தான்.

ஆணுறை இல்லாமல் தவறு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடு, தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்து பற்றிக் கேள் என்று மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினேன். வாசலில் நின்று செருப்பைப் போட்டவன், திரும்பிப் பார்த்து, "அடுத்த மாசம் வரட்டுமா அக்கா?" என்றான். வாடா என்றேன். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

உனக்குத் தெரிந்த அந்த டாக்டரம்மா இன்னும் குறைந்த பீஸில்தான் பார்க்கிறாரா? அவனை உன்னிடம் அனுப்பட்டுமா? கோயமுத்தூரில் அவனுக்கு அத்தை யாரும் இல்லையாம், கேட்டுவிட்டேன்.

உன்,
சுமதி