ரெண்டு காட்சி போதும், போகட்டும்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. திருச்சி வெயிலுக்கும் உன் மூட்டு வலிக்கும் ரெண்டு வரி, மீதி மூன்று பக்கமும் மகளைப் பற்றித்தான். இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகவே போய் வருகிறாள்.

"காலை வானொலி நிகழ்ச்சியில் ஊரையே சிரிக்க வைக்கிற பிள்ளை, டிவி நாடகத்தில் ரெண்டு காட்சிக்கு வந்து போகணுமா?" என்று கேட்டிருந்தாய். போகட்டும் மணி. சந்தோஷமாக அனுப்பு.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு மாதமாக ஜெய் தாமஸ் என்ற அமெரிக்கக்காரரைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். அவரும் காலை வானொலிக்காரர். 1970களில் நியூயார்க்கில் 99எக்ஸ் நிலையத்தில் காலை நேரத்தில் கலக்கியவர். 1979இல் அதை விட்டுவிட்டு 'மோர்க் அண்ட் மிண்டி' டிவி தொடரில் நடிக்கப் போனார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பவர் 106இல் மறுபடியும் காலை நிகழ்ச்சி. கூடவே நடிப்பு. 'மர்ஃபி பிரௌன்' தொடரில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு வாயாடி டிவி தொகுப்பாளராக வந்தது சின்ன வேடம்தான். அதற்கே 1990, 1991 என்று ரெண்டு வருஷம் எம்மி விருது, அமெரிக்க டிவி உலகின் பெரிய விருது!

யூடியூபில் அவர் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. டேவிட் லெட்டர்மன் என்ற அமெரிக்க டிவி தொகுப்பாளரின் நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வருஷா வருஷம் அதே கதையைச் சொல்ல வைத்தார்கள். இளவயதில் சார்லட் நகரில் வானொலியில் இருந்தபோது, கார் விற்கும் கடை ஒன்றின் விழாவுக்கு நியாயத்துக்காகப் போராடும் முகமூடி வீரன் 'லோன் ரேஞ்சர்' ஆக டிவியில் நடித்த கிளேட்டன் மூர், அதே முகமூடியும் வேஷமுமாக வந்திருக்கிறார். திரும்பிப் போக அவருக்கு வண்டி வரவில்லை. ஜெய்யும் நண்பரும் தங்கள் பழைய வால்வோவில் ஏற்றிக்கொள்கிறார்கள். வழியில் ஒருவன் தன் காரை ரிவர்ஸ் எடுத்து இவர்கள் வண்டியில் மோதி, விளக்கை உடைத்துவிட்டு ஓடுகிறான். துரத்திப் பிடித்தால், "போலீஸ் உங்களையா நம்பும்?" என்கிறான். பின் கதவு திறக்கிறது. லோன் ரேஞ்சர் இறங்கி வந்து, "நான் சொன்னால் நம்புவார்கள்" என்கிறார்.

அந்தக் கடைசி வரிக்கு முன்னால் ஜெய் கொஞ்சம் நிறுத்துவதைப் பார், மணி. வானொலியில் மூணு விநாடி சத்தம் இல்லாவிட்டால் நிலையமே பதறும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இடைவெளியைக் கண்டால் எதையாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றும். நம் பாப்பாவுக்கும் அது இருக்கிறது. காலை ஆறரைக்கு ஃபிரிட்ஜ் மேலிருக்கும் ரேடியோவில் தினமும் கேட்கிறேனே. நல்ல நகைச்சுவை ஒன்றைச் சொல்லிவிட்டு, நாங்கள் சிரித்து முடிக்கும் முன்பே அடுத்ததற்குத் தாவிவிடுகிறாள். பேசாமல் நிற்கக் கற்றுக்கொள்ள அந்த ரெண்டு காட்சியை விட நல்ல இடம் அவளுக்குக் கிடைக்காது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லி வை. 'சியர்ஸ்' தொடரில் ஜெய்க்கு எடி லெபெக் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் வேடம். அதில் மனைவியாக நடித்தவர் ரியா பெர்ல்மன். அவரோடு முத்தக் காட்சியில் நடிப்பது பெரும்பாடு என்று ஜெய் தன் வானொலி நிகழ்ச்சியில் கிண்டலாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் பனித்தளத்தைச் சமன்படுத்தும் வண்டியில் அடிபட்டு எடி லெபெக் செத்துப்போனதாகக் கதையை முடித்துவிட்டார்கள். அந்தத் தொடரை எழுதியவர்களில் ஒருவரான கென் லெவைனே இதைச் சொல்லியிருக்கிறார். பிழைப்பைக் கொடுத்த வாய்தான் அந்த வேடத்தைப் பறித்தது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மைக் முன்னால் கூட நடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல். 2017இல், 69 வயதில், ஜெய் புற்றுநோயில் போய்விட்டார்.

அப்புறம், சின்ன வேஷம் என்று நீயே சொல்லலாமா? உமறுப் புலவர் பள்ளி நாடகத்தில் நீ தபால்காரனாக வந்தாயே. காக்கிச் சட்டை உன் முழங்கால் வரை தொங்கியது. "தந்தி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, காகிதத்தை நீட்டியபடி, தந்தியை வாங்கும் அம்மாவாக நடித்தவள் படித்து முடிக்கும் வரை அசையாமல் நின்றாய். போன மாதம் டன்லப் ஸ்ட்ரீட்டில் நம் பழைய வகுப்புத் தோழன் ஒருவனைப் பார்த்தேன். "தந்தி மணி எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்டான். அந்த நாடகத்தில் யார் ராஜா என்று எங்கள் ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை படப்பிடிப்பாம். அப்பா என்ன சொல்வாரோ என்று பாப்பா இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறாள். புதன் ராத்திரிக்குள் போன் போடு. இங்கே மணி ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், மறந்துவிடாதே.

அன்புடன்,
ராமு