நாலரை மணி நேரக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. "நாலரை மணி நேரத்தில் வந்துவிடுகிற இடத்தில் இருந்தும் அப்பாயி முகத்தைப் பார்க்க முடியலையேப்பா" என்றாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

கண்ணு, அந்த நாலரை மணி விமானம் பறக்கிற நேரம் மட்டும்தான். துபாய்க்கும் நம்ம கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். அதை விமானம் தாண்டிவிடுகிறது. கட்டுநாயக்காவிலிருந்து ஹட்டன் 150 கிலோமீட்டர்கூட வராது, அதற்கு அஞ்சு மணி நேரம். அவிசாவளை வரை பரவாயில்லை. கித்துல்கல தாண்டினால் வளைவு மேல் வளைவு. அன்றைக்குக் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ஒரு பக்கமாகத்தான் வாகனம் விட்டார்கள். அப்புறம் மஸ்கெலியா, அங்கிருந்து தோட்டத்து ரோடு.

அப்பாயி போனது விடிகாலை நாலு மணிக்கு. உனக்கு அப்போது இரண்டரை. லீவு கையில் கிடைக்கவே இருட்டிவிட்டது. மூன்று மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கினால் முத்திரை, பெட்டி என்று இன்னொரு மணி நேரம். இங்கே மழை கட்டி நின்றது, மயானத்துக்கு ஏறும் பாதை வழுக்கும் என்று பெரியவர்கள் மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள். நீ மூன்றரைக்கு வந்தாய். இதில் உன் குற்றம் எங்கே இருக்கிறது? எத்தனை தடவை கூட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பூகோள உருண்டையில் நூல் பிடித்துத் தூரம் காட்டுவேன், ஞாபகமா? நேற்று அதேபோல் பிடித்துப் பார்த்தேன். நூல் தமிழ்நாட்டின் தென்பகுதிக்கு மேலாக, கொச்சிப் பக்கம் கடலுக்குள் இறங்கிப் போகிறது. அப்பாயியின் பாட்டன் பாட்டி புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமைப் பக்கம்தான் அந்தத் தென்பகுதி. மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அந்தக் கதையை அப்பாயி உனக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறாள்.

சித்திரைக்கு வருவதாகச் சொன்னாயே, காலையில் இறங்குகிற விமானமாகப் பார். அந்த மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை. இருட்டில் அந்த வளைவுகளில் நீ வர வேண்டாம். நான் முதல் நாளே கீழே வந்துவிடுவேன். டிக்கெட் போட்டதும் இறங்கும் நேரத்தை அனுப்பு. ஒன்றரை மணி கூட்டிக் குழம்பாதே, டிக்கெட்டில் போட்டிருப்பது நம்ம ஊர் நேரம்தான்.

அன்புடன்,
அப்பா