பிறந்த இடத்திலேயே அடங்கும் அலை

அன்புள்ள கோபாலனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மகள் முதுநிலை இயற்பியலில் சேர்ந்திருக்கும் செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஓய்வு பெற்ற பிறகும் நானோமீட்டர் அளவுக் காந்தங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. காந்தப் பொருளில் அணுக்களின் காந்தத் திசை வரிசையாக அசைவதால் ஓடும் ஸ்பின் அலைகளை எழுப்ப ஆன்டெனா இருக்கும்போது நேர்மின்னோட்டத்தை ஏன் நாடுகிறார்கள் என்று நீ கேட்டிருந்தாய். நுண்ணலை ஆன்டெனாக்களோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நீ என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

10 கிகாஹெர்ட்ஸ் மின்காந்த அலை காற்றில் 3 சென்டிமீட்டர் நீளமுடையது. அதே அதிர்வெண்ணில் ஒரு காந்தப் படலத்தில் ஓடும் ஸ்பின் அலையின் நீளம் 100 நானோமீட்டர் அளவுக்குக் குறுகிவிடக்கூடும். சில்லுக்குள் அடங்கும் அலைக்கருவிகளைக் கனவு காண்பவர்களை ஈர்ப்பது இந்தக் குறுக்கம்தான். ஆனால் அத்தனை சிறிய அலையை எழுப்ப ஆன்டெனாவின் உலோகப் பட்டையும் அதே அளவுக்குக் குறுக வேண்டும். அப்போது அதன் மின்தடை ஏறி, ஊட்டும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1996-இல் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்ஜே என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒரு தடித்த காந்த அடுக்கைக் கடந்து வரும் எலக்ட்ரான்களின் ஸ்பின், அதாவது அவற்றின் உள்ளார்ந்த சுழற்சி, ஒரே திசையை நாடி நிற்கும். அவை அடுத்துள்ள மெல்லிய அடுக்குக்குள் நுழையும்போது தம் கோண உந்தத்தை அதன் காந்தமாக்கத்திடம் ஒப்படைக்கின்றன. சாயும் பம்பரத்தைச் சாட்டையால் மீண்டும் மீண்டும் தூண்டுவதுபோல், மின்னோட்டம் அலைவை மெல்ல அடக்கிவிடும் இயல்பான தணிவை ஈடுகட்டி, ஒரு வரம்பைத் தாண்டியதும் காந்தமாக்கத்தைத் தானாகவே அலைவுறச் செய்கிறது. மின்னோட்டத்தை நானோமீட்டர் அளவுள்ள ஒரு தொடுபுள்ளி வழியாகப் பாய்ச்சினால், செங்குத்தாகக் காந்தமாக்கப்பட்ட படலத்தில் அந்தப் புள்ளியிலிருந்து அலைகள் வட்டமாகப் பரவும் என்று 1999-இல் ஸ்லோன்செவ்ஸ்கி கணக்கிட்டார். அலைநீளம் தொடுபுள்ளியின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும் என்பது அக்கணக்கின் விளைவு.

அலைவை எழுப்புவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. 2003-இல் கார்னெல் குழுவினர் நானோ தூண்களில் நேர்மின்னோட்டத்தால் எழுந்த நுண்ணலை அலைவுகளை அளந்தே விட்டார்கள். எழுந்த அலையை வெளியே ஓடச் செய்வதுதான் சிக்கலாக இருந்தது, என் மனத்தை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. படலத்தின் தளத்திலேயே காந்தமாக்கம் படுத்திருக்கும்போது அலைவின் வீச்சு வளர வளர அதிர்வெண் இறங்குகிறது. அது அந்தப் படலத்தில் பரவக்கூடிய அலைகளின் மிகக் குறைந்த அதிர்வெண்ணுக்கும் கீழே போய்விட்டால், அலைக்கு வெளியே செல்ல வழியே இல்லை. தன்னைத் தானே கட்டிக்கொண்டு தொடுபுள்ளியின் அடியிலேயே அடங்கிவிடும். 2005-இல் ஸ்லாவினும் திபெர்கெவிச்சும் இதைக் கோட்பாட்டால் விளக்கினார்கள். செங்குத்தான காந்தமாக்கத்தில் நிலைமை நேர்மாறானது: வீச்சு வளர அதிர்வெண் ஏறும், அலையும் பரவும். அவ்வாறு பரவும் அலையை 2011-இல் மதாமியும் உடனுழைத்தவர்களும் அலையின் மீது பட்டுச் சிதறும் ஒளியை ஆராயும் பிரில்லுவன் ஒளிச்சிதறல் முறையால் நேரடியாகக் கண்டார்கள். எனினும் அதற்கு வலிமையான வெளிக் காந்தப்புலம் தேவைப்பட்டது. சில்லின் மேல் ஒரு பெரிய காந்தத்தை வைக்க எவரும் விரும்பமாட்டார்கள்.

அந்த வெளிப்புலத்தின் வேலையில் ஒரு பங்கைப் பொருளே ஏற்றுக்கொள்வதைத்தான் இத்துறையின் மிக அழகிய திருப்பமாக நான் கருதுகிறேன். செங்குத்தாக நிற்க விரும்பும் இயல்பு படலத்துக்கே இருக்குமானால், அந்த இயல்பைத் தக்க அளவில் அமைத்து அதிர்வெண் இறங்குவதைத் தடுக்கலாம். கோத்தன்பர்க் குழுவினர் 2019-இல் டங்ஸ்டன் மீது படிந்த கோபால்ட்-இரும்பு-போரான் படலத்தில் இதைச் செய்தார்கள். அங்கு மின்னோட்டம் காந்தத்தின் ஊடாகப் பாய வேண்டியதும் இல்லை. ஸ்பின் ஹால் விளைவால் டங்ஸ்டனே எலக்ட்ரான்களை ஸ்பின்வாரியாகப் பிரித்து மேலே அனுப்புகிறது. இதனால் மின்னைக் கடத்தாத காந்தங்களையும் பயன்படுத்த இயலுகிறது. அத்தகைய காந்தமான, பிஸ்மத் கலந்த இட்ரியம் இரும்பு கார்னெட் படலத்தில் தணிவு உலோகங்களைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் அலை நெடுந்தொலைவு செல்கிறது. அத்தகைய வழித்தடத்தில் ஓடும் அலையை மின்னோட்டத்தால் மெய்யாகவே பெருக்கிக் காட்டிய முடிவும் 2024-இல் வெளிவந்தது. கார்னெட்டைச் சிலிக்கான் மீது நல்ல தரத்தில் வளர்ப்பது கடினம் என்பதை அறிவேன். இருந்தாலும் என் நம்பிக்கை அந்தப் பக்கமே சாய்கிறது.

இனி உன்னிடம் ஒரு கேள்வி. வழித்தடத்தின் மறுமுனையில் வந்து சேரும் இந்தச் சிற்றலையை மீண்டும் மின் சமிக்ஞையாக்க வேண்டும். அங்கு கிடைக்கும் மின்னழுத்தமோ மிகச் சிறியது. ஏற்கும் முனையில் ஆன்டெனாவையே வைப்பதானால், மின்மறுப்புப் பொருத்தத்தை (impedance matching) நீ எப்படி அமைப்பாய்? நேரம் கிடைக்கும்போது கணக்கோடு எழுது.

அன்புடன்,
இராமநாதன்