இனி நீயே செய்

அன்புள்ள பிள்ளைக்கு,

பார்சல் வியாழக்கிழமை போட்டாயிற்று. கெனோறாவுக்கு ஒரு கிழமை வரை எடுக்கலாம் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். மஸ்கி என்கிற பெரிய மீனுக்கு எறிகிற மான்வால் முடித் தூண்டில், பக்டெயில், இரண்டு கேட்டதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று நீ யோசிப்பாய். செய்து முடித்தது அதற்குள் ஒன்றுதான். மிச்சமெல்லாம் சாமான்: கம்பி, சுற்றுகிற தகடு, அதைக் கம்பியில் கொளுவுகிற கிளெவிஸ், மணி, பித்தளைக் குழாய், மும்முள் தூண்டில், சாயம் போட்ட மான்வால் இரண்டு, என்னுடைய வட்டமூக்குக் குறடு.

கோபிக்காதே, பஞ்சிப்பட்டு இப்படிச் செய்யவில்லை. 1967இல் கட்டின 40 அடி மஸ்கிச் சிலை நிற்கிற ஊரில், லேக் ஒஃப் த வூட்ஸ் ஏரியின் வாசலில் இருந்துகொண்டு, 1800 கிலோமீற்றருக்கு மேலே தள்ளி பீற்றர்பரோவில் இருக்கிற அப்பாவிடம் தூண்டில் கேட்கிறாயே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உனக்கு நான் எதையும் செய்து தந்திருக்கிறேனே தவிர, செய்யப் பழக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் காசுக் கதையை முடித்துவிடுகிறேன். கடையில் ஒன்று 35 டொலர், நாங்களே செய்தால் பத்துப் பன்னிரண்டு டொலரில் முடியும் என்று நீ கணக்குப் போட்டாய். சாமான் விலையை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் குறடு, கம்பி வளைக்கிற கருவி, சின்ன வைஸ், நூல், பசை, பிழைத்துப்போய் எறிகிற கம்பி எல்லாவற்றையும் கூட்டினால் எனக்கு முதல் இருபது பக்டெயிலும் கடை விலையை விடக் கூடத்தான் வந்தது. அம்மாவுக்கு இது தெரியாது, சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்டெயில் என்பது நடுவில் ஒரு கம்பி, அவ்வளவுதான். முன்பக்கம் ஒரு வளையம், அதில் லீடர் கொளுவும், நூலின் நுனியில் மீனின் பல்லுக்கு அறாமல் போடுகிற துண்டு. பின்பக்கம் ஒரு வளையம், அதில் தூண்டில் தொங்கும். இடையில் இருக்கிறதெல்லாம் மணிமாலை கோர்க்கிற மாதிரித்தான்: கிளெவிஸில் தகடு, அதன் பின்னால் தகடு உரசாமல் சுற்றுவதற்குச் சின்ன உலோக மணி இரண்டு மூன்று, பிறகு பாரத்துக்குப் பித்தளை, பிறகு முடி கட்டின குழாய். எல்லாரும் தகட்டின் நிறத்தையும் முடியின் வடிவையும்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். மீன் பிடிக்கிறது அந்த இரண்டு வளையத்தில்.

பெட்டியில் இருக்கிறது 0.051 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வில் மாதிரி முறுக்கான சாமான், விரலால் வளைக்கலாம் என்று நினைக்காதே. வட்டமூக்குக் குறட்டில் பிடித்து முதலில் வளையத்தை முழு வட்டமாக எடு. பிறகு வளையத்தை வைஸில் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, மிச்ச வாலை நடுக்கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்று. மூன்று சுற்று. சுற்றுக்குச் சுற்று இடைவெளி தெரியக் கூடாது, பனையோலைப் பெட்டி இழைக்கிறபோது அப்பம்மா நகத்தால் தள்ளித் தள்ளி நெருக்குவாவே, அந்த மாதிரி. கடைசியில் வெட்டின முனையைக் குறட்டால் அமத்தி, அரத்தால் ஒரு இழுப்பு, இல்லையென்றால் வலை, சட்டை எல்லாம் பிடித்து இழுக்கும், உன் கையையும் கிழிக்கும்.

மூன்று சுற்று என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஒரு காலத்தில் ஒன்றுதான் சுற்றினேன். கை நோகும், கம்பி வழுக்கும், ஒன்று போதும் என்று விட்டுவிடுவேன்.

2011 செப்டெம்பர் ஞாபகம் இருக்கிறதா? பிஜன் ஏரி, உனக்கு 13 வயது. பாசி முடிகிற விளிம்பில் வள்ளத்தை விட்டுவிட்டு நீ எறிந்தாய், கறுப்பு முடியும் செம்மஞ்சள் தகடும் போட்ட என்னுடைய பக்டெயில். கிட்டத்தட்ட வள்ளத்தடிக்கு வந்த பிறகுதான் அடித்தது. முதுகு முழுக்கப் பித்தளைப் பச்சை, தலை என்னுடைய முழங்கை அளவு, ஒருதரம் பிரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு கீழே போனது. நீ சத்தம்கூடப் போடவில்லை, தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு நிமிஷம் இருக்குமா? அப்புறம் தடி சடாரென்று நிமிர்ந்தது.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு வடிவாக ஞாபகம் இருக்கும். "இப்படிப் போட்டு இழுத்தால் எந்த மீன் நிற்கும்" என்று சொன்னேன். நீ அழுதாய். அந்த வருஷம் முழுக்க வள்ளத்தில் ஏறவில்லை, படிப்பு இருக்கிறது என்றாய்.

நூலை நான்தான் சுற்றி எடுத்தேன், நீ அந்தப் பக்கம் திரும்பி இருந்தாய். லீடரின் முனையில் வந்தது வெறும் கம்பி. பின்வளையம் திறந்து, ஊசி மாதிரி நேராக நிமிர்ந்து, அதன் வழியே முடி, பித்தளை, மணி, தகடு எல்லாம் கழன்று போய்விட்டது. தூண்டில் மீனின் வாயோடு. நீ சரியாகத்தான் பிடித்திருந்தாய் பிள்ளை, பிழை என்னுடைய ஒற்றைச் சுற்றில். கம்பியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நூல் அறுந்துவிட்டது என்று சொன்னேன். உனக்குச் செய்யப் பழக்கினால் வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், வளையத்தைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டிவரும், அதனால்தான் இத்தனை வருஷமும் நானே செய்து செய்து தந்தேன்.

அந்தக் கம்பியும் பெட்டிக்குள் இருக்கிறது. நீலக் கடதாசியில் சுற்றியிருக்கிறேன்.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. தகட்டுக்குப் போகிறேன்.

தகட்டில் பல வடிவம் உண்டு. கொலராடோ என்பது வட்டம், கம்பியிலிருந்து நன்றாக அகன்று, மெதுவாகச் சுற்றும், தடி வழியாக டொம் டொம் என்று கைக்குத் தெரியும். வில்லோ என்பது நீட்டு இலை மாதிரி, கம்பியோடு ஒட்டிச் சுற்றும், வேகமாக இழுக்கலாம், அதிர்வு குறைவு. இந்தியானா இரண்டுக்கும் நடுவில். உங்கள் பக்கத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்திருக்கிற இடங்களில் மீன் கண்ணால் பார்க்கிறதுக்கு முன்னமே உடம்பின் பக்கக்கோட்டால் அந்த அதிர்வை உணர்ந்துவிடும், அதனால் கொலராடோவில் தொடங்கு. 8ஆம் நம்பர் ஒன்று போதும். இரட்டைப் 10, அதாவது 10ஆம் நம்பர் தகடு இரண்டு போட்டது, எல்லாரும் விரும்புகிற சாமான்தான், உனக்கும் நான்கு தகடு வைத்திருக்கிறேன், ஆனால் அதை நாள் முழுக்க இழுப்பது தனியாளாகத் துலா மிதிக்கிற மாதிரி, பின்னேரத்துக்கு மணிக்கட்டு விட்டுவிடும். பல் விகிதம் குறைந்த, நூலை மெதுவாகச் சுற்றி எடுக்கிற ரீல் இருந்தால் மட்டும் போடு.

தகட்டின் குழிந்த பக்கம் கம்பியைப் பார்க்க வேண்டும். நான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இரண்டு தரம் மாறிப் போட்டிருக்கிறேன். பின்வளையத்தைச் சுற்றி முடித்த பிறகுதான் மணி போட மறந்தது ஞாபகம் வரும், அதுவும் நடக்கும், வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். செய்து முடித்ததும் குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டு இழுத்துப் பார். இழுத்த உடனே சுற்ற வேண்டும். தயங்கிச் சுற்றினால் கிளெவிஸ் கம்பியில் இறுகுகிறதா, தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இன்னொரு மணி வேண்டுமா என்று பார்.

மான்வால் விஷயம். எனக்குத் தருகிறவர் பக்கத்து வீட்டு வேட்டைக்காரர், நவம்பரில் இரண்டு மூன்று கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். உனக்கும் அங்கே யாராவது தருவார்கள். ஆனால் கிடைத்த அன்றே கீழ்ப்பக்கத்தால் கீறி எலும்பை இழுத்து எடுத்துவிட வேண்டும், கொழுப்பைச் சுரண்டி, உப்போ போரக்ஸோ நிறையப் போட்டுக் காயவிட வேண்டும். ஒருதரம் எலும்போடு பையில் போட்டு கராஜில் மறந்துவிட்டேன். அம்மா எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாள் அலுமாரி எல்லாம் இழுத்துத் தேடினார். நானும் கூடவே தேடினேன், எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை.

சாயம் போடுவதற்கு முன் பாத்திரம் கழுவுகிற சோப்பால் இரண்டு தரம் கழுவு, எண்ணெய்ப் பிடிப்பு போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தண்ணீர் கை சுடுகிற அளவு போதும், கொதிக்க விட்டால் முடி சுருண்டு போகும். சாயம் பிடிக்க வினாகிரி கொஞ்சம். பானையைப் பிறகு சமையலுக்கு எடுக்காதே. இடியப்பப் பானைக் கதை உனக்குத் தெரியும்தானே.

கட்டுகிறபோது வாலின் அடிப்பக்க முடியையும் நுனிப்பக்க முடியையும் கலக்காதே. அடிப்பக்கத்து முடி உள்ளே குழல் மாதிரி வெறுமையானது, நூலை இறுக்கின உடனே குடை மாதிரி விரியும். நுனிப்பக்கம் படிந்து கிடக்கும். நான் உள்ளே விரிகிறதை வைத்து, வெளியே படிகிறதை வைப்பேன், அப்போது தண்ணீரில் சுருங்கி விரிந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பென்சில் தடிப்புக்கு ஒரு பிடி எடுத்து, சீப்பால் அடியில் இருக்கிற பஞ்சை வாரி எறிந்துவிட்டு, குழாயில் வைத்து, முதல் இரண்டு சுற்றுத் தளர்வாக, பிறகு நேரே இழுத்து இறுக்கு. ஐந்தாறு பிடியில் குழாயைச் சுற்றி வந்துவிடலாம். இரண்டு பிடிக்கு ஒரு தரம் ஒரு சொட்டு சுப்பர் குளூ. நிறையக் கட்டினால் கையில் வடிவாக இருக்கும், தண்ணீரில் தும்புத்தடி. முடியைத் தூண்டிலின் தண்டிலேயே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் குழாய்தான் பிடிக்கும், முள் மழுங்கினால் வளையத்தில் தூண்டிலை மட்டும் மாற்றிவிடலாம்.

மினுங்குகிற ஃப்ளாஷபூ இழையும் ஒரு பை வைத்திருக்கிறேன். இப்போது பக்டெயில் என்று விற்கிறதில் நிறையவற்றில் மான்முடியே கிடையாது, எல்லாம் இந்த இழைதான். மீனுக்கு அது குறையில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. நாலைந்து இழை கலந்தால் போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் சாதனை மஸ்கி 65 றாத்தல், 1988இல் ஜோர்ஜியன் குடாவில் கென் ஓ'பிரையன் என்பவர் பிடித்தது, பிடிபட்டது ரப்பாலா என்கிற, விரல் நீளத்துச் சின்ன மீன் வடிவத் தூண்டிலில். தகடும் இல்லை, முடியும் இல்லை.

மஸ்கி பிடிக்கிற காலம் இங்கே ஜூன் முதல் சனி தொடங்குகிறது, உங்கள் பக்கம் மூன்றாம் சனி என்று நினைக்கிறேன், அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போ. நீண்ட குறடும் முள் வெட்டுகிற கத்தரியும் இல்லாமல் வள்ளத்தில் ஏறாதே, முள் ஆழமாகப் போயிருந்தால் யோசிக்காமல் வெட்டிவிடு, முள்ளின் விலை இரண்டு டொலர். தண்ணீர் 27 பாகைக்கு மேலே போனால் மஸ்கிக்கு எறியாதே, விட்டாலும் பிழைப்பது கஷ்டம். கடைசியில் வள்ளத்தடியில் தடி நுனியால் தண்ணீரில் எட்டு வடிவம் போடும்போது வளைவை அகலமாக எடு. நீ சின்னதாக எடுப்பாய், அப்போதும் அப்படித்தான்.

முதல் வளையம் செய்ததும் வைஸில் ஒரு ஆணியைப் பிடித்து, அதில் வளையத்தைக் கொளுவி, மற்ற முனையில் மீன் தராசைப் போட்டு 15 கிலோ வரை இழுத்துப் பார். அசையக் கூடாது. படம் எடுத்து அனுப்பு, கிட்டவாக எடு, சுற்று எண்ண வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா நான் பார்க்காத நேரத்தில் அதே பெட்டிக்குள் மிளகாய்த்தூள் இரண்டு கிலோ வைத்துவிட்டார். மான்வாலில் தூள் மணந்தால் வெளியே கொடியில் போடு, இரண்டு நாளில் போகும். தூண்டில் முனைக்கெல்லாம் ரப்பர் குழாய் மாட்டியிருக்கிறேன், ஆனாலும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவாதே.