எபாக்ஸி டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேஸ்மென்ட் தரைக்கு நீயே எபாக்ஸி பூசப்போவதாகவும், சாம்பல் நிறமா வெளிர்பச்சையா என்று வீட்டில் வழக்கு நடப்பதாகவும் எழுதியிருந்தாய். நிறத்தை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்கள் கலந்து இறுகும் பூச்சுதான் எபாக்ஸி. அந்தத் தரை மேலிருந்து தேய்ந்து கெடுவது அபூர்வம்; அடியிலிருந்து கழன்றுதான் கெடும். அதனால் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல், டப்பாவைத் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

முதலில் ஓதம், அதாவது தரையின் ஈரம். உன் பேஸ்மென்ட் தரை மண்ணின் மேல் படுத்திருக்கும் தளம். அடியில் பாலிதீன் விரிக்காமல் போட்ட கான்கிரீட் என்றால், மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே ஓயாமல் மேலேறும். தரை வெறுமையாக இருக்கும்வரை அது காற்றில் கலந்துவிடுவதால் கண்ணுக்குப் படாது. எபாக்ஸி மூடியதும் அதற்குப் போக்கிடம் இல்லை. கான்கிரீட்டின் உப்புகள் அந்த நீரில் கரைந்து பூச்சுக்கு அடியில் சேரும். சேர்ந்த உப்பு மேலும் நீரை இழுக்கும். சில மாதங்களில் அம்மைக் கொப்புளம் மாதிரி தரை புடைக்கும். ஊசியால் குத்தினால் வழவழப்பான கார நீர் வரும். எந்த விலை உயர்ந்த எபாக்ஸியும் இதற்கு விலக்கல்ல.

சோதனை எளிது. 45 செ.மீ. சதுரமான, கண்ணாடி போன்ற கனமான பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டு. குறைந்தது 16 மணி நேரம். ஒரு முழு நாள் விட்டால் நல்லது. நடுவில் ஒன்று, சுவரோரங்களில், மூலைகளில் என்று நாலைந்து இடத்தில் ஒட்டு. ஈரம் எப்போதும் சுவரோரத்தில்தான் முதலில் தலைகாட்டும். ஷீட்டின் அடிப்பக்கம் நீர்த்துளி நின்றாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; அதற்கு ஈரம் உறிஞ்சும் கருவி போதும்.

கோடையில் தேறிய தரை மழைக்காலத்தில் தோற்கும். அதனால் நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்தால்தான் நம்பலாம். துல்லியம் வேண்டுமென்றால் தளத்தில் துளையிட்டு ஈரப்பத மானி வைக்கும் முறை இருக்கிறது: துளை ஆழம் தளக் கனத்தில் 40 சதவீதம், அதாவது 10 செ.மீ. தளத்துக்கு 4 செ.மீ. மானி காட்டும் அளவை எபாக்ஸியின் விவரத்தாளில் உள்ள வரம்போடு ஒப்பிடு.

சோதனை தோற்றால், அல்லது சுவரோரம் வெள்ளை உப்புப் பூத்திருந்தால், பூச்சை ஒத்திவை. வெளியே மழைநீர் சுவரை ஒட்டி நிற்கிறதா, கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி சோதி. அதன் பிறகும் ஈரம் என்றால் ஈரத்தடுப்பு எபாக்ஸி பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) என்று தனியாக உண்டு. இல்லாவிட்டால் தரையைச் சுவாசிக்க விட்டு, கான்கிரீட்டுக்குள் ஊறி அதை இறுக்கும் சிலிகேட் கெட்டியாக்கித் திரவத்தை ஊற்றி நிறுத்திக்கொள்வதே என் கணக்கில் கெட்டிக்காரத்தனம். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆகட்டும்.

ஓதம் இல்லையென்றால் அடுத்தது பிடிமானம். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளி. ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிட்டால் நல்லது. முத்து முத்தாக நின்றால் நுண்துளைகளை அடைக்கும் பழைய சீலர் பூச்சோ எண்ணெயோ இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், கான்கிரீட் தேய்க்கும்போது மேலே மிதந்து காய்ந்த சிமென்ட் பால் ஒரு மெல்லிய ஏடாக இருக்கும். எபாக்ஸி அந்த ஏட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஏடுதான் கான்கிரீட்டை விட்டுவிடும். உரிந்த பூச்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிமென்ட் தூள் ஒட்டியிருப்பது இதனால்தான்.

ஆசிட் ஊற்றிக் கழுவு என்று பலர் சொல்வார்கள். திறந்த இடத்தில் சரி. பேஸ்மென்ட்டில் வேண்டாம்: புகை வெளியேறாது, பக்கத்திலிருக்கும் இரும்பெல்லாம் துரு ஏறும், கழுவிய தண்ணீர் அத்தனையையும் நீ காயவைக்கப் பாடுபட்ட தரையே குடிக்கும். கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டித் தேய். தூசி மூடியும் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வேக்குவமும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலை அரித்துவிடும். நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் போட்டுக்கொள். தேய்த்து முடித்த தரை, கையால் தடவினால் 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாள் போல இருக்க வேண்டும். எண்ணெய்க் கறையைத் தேய்ப்பதற்கு முன்பே டிகிரீஸர் போட்டு எடுத்துவிடு. இல்லையேல் வீல் அதைத் தரை முழுக்க இழுத்துப் பூசும். ஒன்று கவனம்: பழைய ஓடு பெயர்த்த இடத்தில் கறுப்புப் பசை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுக்காமல் வீலை வைக்காதே.

கடைசியாக வேக்குவம். பேக்கிங் டேப்பை அழுத்தி எடுத்துப் பார். வெண்தூள் ஒட்டினால் இன்னொரு முறை.

விரிசல்களை வி வடிவில் அகட்டி, தூசி எடுத்து, எபாக்ஸியில் உலர்ந்த சிலிக்கா மணல் குழைத்து அடை. தளம் அசைவதற்காக விட்ட இணைப்புகளை மட்டும் இப்படி இறுக்கி அடைக்காதே. அங்கே நெகிழும் ஃபில்லர்தான். இல்லாவிட்டால் அதே கோட்டில் மேல்பூச்சும் வெடிக்கும்.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். நீர் கலந்த எபாக்ஸி பூசச் சுலபம், ஆனால் காய்ந்தபின் ஒரு தாள் கனம்கூட நிற்காது. சால்வென்ட் கலந்தது பேஸ்மென்ட்டுக்கு ஆகாது. நீர்ச்சூடேற்றியின் சின்னச் சுடர் ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ளும். நூறு சதவீதத் திடப்பொருள் உள்ளதை, அதாவது காயும்போது ஆவியாகிப் போக எதுவும் இல்லாததை வாங்கு. அதில் கணக்கும் எளிது: 1 லிட்டர், 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. கனம். 5 மீட்டருக்கு 6 மீட்டர் அறை, 30 சதுர மீட்டர் என்று வை. பிரைமர் 150 மைக்ரானுக்கு (1 மி.மீ. என்பது 1000 மைக்ரான்) 4.5 லிட்டர், நடுப்பூச்சு 300 மைக்ரானுக்கு 9 லிட்டர். தேய்த்த தரை பள்ளங்களில் குடிப்பதையும் வாளியில் தங்குவதையும் சேர்த்தால் 15 லிட்டர். நீர் கலந்ததில் திடப்பொருள் பாதி என்றால், பூசிய ஈரக் கனத்தில் பாதிதான் மிஞ்சும் என்பதை மறக்காதே.

கலப்பதில்தான் பெரும்பாலோர் தவறுவது. ரெசின் இரண்டு, ஹார்டனர் ஒன்று என்று லேபிளில் இருந்தால், அது கன அளவா எடையா என்று படி, இரண்டும் ஒன்றல்ல. கண்ணளவு இங்கே செல்லாது. பாலியெஸ்டர் பட்டியில் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவராதே. எபாக்ஸியில் ஹார்டனர் ஒரு பங்காளி. கூடினால் மிஞ்சியது இணை கிடைக்காமல் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். டிரில்லில் துடுப்பு மாட்டி மெதுவான வேகத்தில் மூன்று நிமிடம் கலக்கு, ஓரமும் அடியும் வழித்துக் கலக்கு, பிறகு வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னொரு நிமிடம். வாளியைக் கவிழ்த்து வடியவிடாதே. சுவரில் ஒட்டியிருக்கும் கலவாத பகுதி விழுந்த இடம் என்றைக்கும் காயாது.

வாளியில் வைத்திருக்கும்வரை அது தன் சூட்டிலேயே வேகும். 20 நிமிடத்தில் புகைந்து பாறையாகிவிடக்கூடும். அதனால் கலந்தவுடன் தரையில் நீளவாக்கில் பட்டை பட்டையாக ஊற்றிவிடு. பரவிய எபாக்ஸிக்கு அவகாசம் அதிகம். 3 லிட்டர் வீதம் மட்டும் கல. நடுப்பூச்சில் அது 10 சதுர மீட்டருக்கு வரும். 5 மீட்டர் அகல அறையில் 2 மீட்டருக்கு ஒரு கோடு. சுவரடியில் ஒட்டிய டேப்பில் முன்கூட்டியே குறித்து வை. கோடு வரும் முன் தீர்ந்தால் கனமாகப் போடுகிறாய், மிஞ்சினால் மெலிதாக.

சுவரோரத்தைத் தூரிகையால் முடித்து, பல் வைத்த ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புள்ள இழுவைத் தட்டு) இழுத்து, ரோலரை ஒருமுறை குறுக்கே, ஒருமுறை நெடுக்கே உருட்டு. ரோமம் 9 அல்லது 10 மி.மீ., உதிராத வகை. முள் செருப்பு போட்டால் ஈரப்பூச்சில் நடக்கலாம். வாசல் பக்கம் பின்வாங்கிக்கொண்டே வா. (இதைச் சொல்ல வேண்டுமா என்று சிரிக்காதே, மூலையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.)

தரை 10 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலைக்கு, குறைந்தது 3 டிகிரி மேலே. பேஸ்மென்ட் தரை எப்போதும் காற்றைவிடக் குளிர்ச்சி, ஆகையால் தரை வெப்பத்தை அள. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூச்சின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது. தரை சூடேறும் நேரத்தில் பிரைமர் அடித்தால் துளைக் காற்று விரிந்து குமிழியாக வெடிக்கும். சூடு இறங்கும் மாலையில் அடி. அங்கங்கே பூச்சு விலகி மீன்கண் போல வட்டம் விழுந்தால் எண்ணெயோ சிலிகோனோதான் காரணம்.

அடுத்த பூச்சுக்கு லேபிளில் உள்ள நேரத்துக்குள் வந்துவிடு; பெரும்பாலும் ஒரு நாளுக்குள். தாண்டினால் 100 அல்லது 120 நம்பர் தாளால் மங்கும்வரை தேய்த்துத் தூசி எடுத்துவிட்டுப் போடு. படியடியிலும் நீர் சிந்தும் இடத்திலும் கடைசிப் பூச்சில் மெல்லிய அலுமினியம் ஆக்சைடு தூவு. ஈரத்தில் வெறும் எபாக்ஸி சறுக்குமரம். சன்னல் வெயில் விழும் இடம் மஞ்சளிக்கும். அது கண்ணை உறுத்துமென்றால் மேலே பாலியூரித்தேன் ஒரு பூச்சு.

ஒரு நாளில் நடக்கலாம், மூன்று நாளில் இலேசான சாமான், முழு வலுவுக்கு ஏழு நாள். ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும்; நான்காம் நாள் அலமாரியை இழுத்த தடம் நிரந்தரம்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதே. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவு, தின்னர் வேண்டாம்; அது உள்ளே இறக்கிவிடும்.

இந்த வாரம் ஷீட்டை மட்டும் ஒட்டு. எந்த இடத்தில் நனைந்தது, எந்தப் பக்கம் நனைந்தது என்று எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிரைமர் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு